இருபது பவுண்ட் என்று காட்டிய திரை: நிதி நடத்தை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நிதி நடத்தை ஆணையம் (பிரிட்டனின் நிதி நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் FCA), ஸ்ட்ராட்ஃபோர்ட், கிழக்கு லண்டன்.

மதிப்புக்குரிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகத்திலிருந்து சில மைல் தொலைவில், ஈஸ்ட் ஹாமில் இருந்து இதை எழுதுகிறேன். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மளிகைக் கடை, நகைக் கடை, சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் நிலையம் என்று பல வியாபாரங்களின் வரவு செலவு ஆண்டுதோறும் என் மேசைக்கு வந்து போகிறது. அவர்களில் பலர் தங்கள் சொந்த வங்கித் தாள்களையும் என்னிடமே கொண்டுவந்து கொட்டுவார்கள். எந்த வீட்டில் எந்த மாதம் பணம் முட்டுப்பட்டது என்பது சில வேளை அந்த வீட்டு மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த மடல் அப்படித் தெரியவந்த ஒன்றைப் பற்றியது.

ஆங்கிலத்திலும் இதை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் வெளியிடக் காரணம் உண்டு. கோல்ஃப் வீரர்கள் எத்தனையாவது இடத்தில் முடிப்பார்கள் என்பதன் மீது ஸ்ப்ரெட் பந்தயம் கட்டிப் பணத்தை இழந்தவர்கள் என் மொழி பேசுகிறவர்களிலும் இருக்கிறார்கள். நிறுவனம் சொல்லும் எண்ணுக்கும் முடிவில் வரும் எண்ணுக்கும் வித்தியாசம் எவ்வளவோ, அத்தனை மடங்கு பணம் வரும் அல்லது போகும் பந்தயம் இது. குதிரைப் பந்தயத்தில் தோற்றவன் நண்பர்களிடமாவது புலம்புவான். இதில் தோற்றவர்கள் வாய் திறப்பதில்லை. என்ன நடந்தது என்று அவர்களுக்கே விளங்கவில்லை என்பதுதான் அந்த மௌனத்தின் காரணம்.

என் ஊர்க்காரர் ஒருவர். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் அழைப்பேன். லண்டனுக்கு வந்த புதிதில் எசெக்ஸ் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப்பின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அங்கேதான் அந்த விளையாட்டின் மீது அவருக்கு ஆசை வந்தது. ஒரு நாளும் மட்டையைப் பிடித்ததில்லை. ஆனால் எந்த வீரர் கடற்கரை மைதானங்களில் நன்றாக ஆடுவார், யாருக்குக் காற்று ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பின்னர் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. 2019 ஜூலையில் ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷில் நடந்தது. அந்தப் போட்டி 1951க்குப் பிறகு முதன்முறையாக அங்கே திரும்பியிருந்தது. உள்ளூர் நாயகன் ரோரி மெக்கில்ராய். பதினாறு வயதில் அதே மைதானத்தில் 61 அடிகளில் ஒரு சுற்றை முடித்துச் சாதனை படைத்தவர். அண்ணன் அவர் மீது நம்பிக்கை வைத்தார். அந்த நம்பிக்கையில் தவறில்லை. அந்த வாரம் பந்தயச் சந்தை முழுவதுமே மெக்கில்ராயைத்தான் முதல் தேர்வாக வைத்திருந்தது.

திரையில் மெக்கில்ராயின் பெயருக்கு எதிரே 17–19 என்று இருந்தது. ஓர் இடத்துக்கு 20 பவுண்ட் என்று போட்டு, 17இல் "விற்றார்". அதாவது மெக்கில்ராய் 17ஆவது இடத்துக்கு முன்னால் முடித்தால் ஒவ்வோர் இடத்துக்கும் 20 பவுண்ட் வரும், பின்னால் முடித்தால் ஒவ்வோர் இடத்துக்கும் 20 பவுண்ட் போகும். 20 பவுண்ட் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இரவு வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை வேலை முடிந்து வந்து படுத்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது மெக்கில்ராய் முதல் பந்தையே எல்லைக்கு வெளியே அடித்தார். நான்கில் முடிக்க வேண்டிய குழியை எட்டில் முடித்தார். கடைசிக் குழியில் ஏழு. மொத்தம் 79. வெள்ளிக்கிழமை வெறி பிடித்தவர்போல ஆடி 65க்குக் கொண்டுவந்தார். போர்ட்ரஷில் அவரோடு ஊரே நடந்தது. இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பிறகு பின்தங்கியவர்களை வெளியேற்றும் கோடுதான் கட். ஒரே ஓர் அடியில் அது தவறியது. சனியும் ஞாயிறும் அவருக்கு ஆட்டம் இல்லை. ஷேன் லௌரி வென்றார். அந்த வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றிப் பேசும்போது அண்ணனின் கண் இன்றும் கலங்கும். பணத்துக்காகக் கலங்குகிறாரா, அந்த ஆட்டக்காரருக்காகவா என்று நான் கேட்டதில்லை.

கட் தவறியவர் 50ஆவது இடத்தில் முடித்ததாகக் கொள்ளப்படுவார் என்பது அந்தப் பந்தயத்தின் விதி. 17இல் விற்றவருக்கு 50 வந்தால் வித்தியாசம் 33. முப்பத்து மூன்று இருபது, 660 பவுண்ட். அந்த ஆண்டு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.21 பவுண்ட். எண்பது மணி நேர இரவு வேலை. கணக்கு கடன் வசதியோடு திறக்கப்பட்டிருந்ததால் முன்பணம் போட வேண்டியிருக்கவில்லை. தொகை பாக்கியாக நின்றது. தவணை தவணையாகக் கட்டி முடித்தார். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது தன் விதிப்படி நடந்தது, விதிகளை எழுத்தில் வைத்திருந்தது, அவரும் "படித்தேன்" என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார். ஆகவே என் முறையீடு விதியை வகுக்கும் உங்களிடம் வருகிறது.

நான் கேட்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பந்தயத்தில் ஒருவர் ஆகக் கூடுதலாக எவ்வளவு இழக்க முடியும் என்பது, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நிறுவனத்துக்குப் பென்ஸ் சுத்தமாகத் தெரியும். அந்தத் தொகையை வாடிக்கையாளருக்கும், பவுண்டில், அதே திரையில், பந்தயத் தொகையைவிடச் சிறியதாக இல்லாத எழுத்தில் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள்.

நிதிச் சந்தையில் இதைக் கேட்டால் நிறுவனங்கள் ஒரு நியாயமான பதில் சொல்லலாம். தங்கத்தின் விலை எவ்வளவு ஏறும் என்று யாருக்குத் தெரியும்? ஸ்டூவர்ட் வீலர் 1974இல் ஐஜி இண்டெக்ஸைத் தொடங்கித் தங்கத்தின் விலை மீது பந்தயம் கட்ட வழி செய்தபோது மேலே உச்சவரம்பு எதுவும் இருக்கவில்லை. கோல்ஃப் நிலைகளின் கதை வேறு. முதல் இடத்துக்கு மேலே இடம் இல்லை. கீழே 50 அல்லது அந்த நிறுவனம் வைத்த வேறொரு எண்ணோடு கதவு மூடிவிடுகிறது. இரண்டு பக்கமும் சுவர் உள்ள அறை இது. அதன் நீளத்தை அளந்து சொல்ல ஒரு பெருக்கல் போதும். 17இல் விற்று ஓர் இடத்துக்கு 20 பவுண்ட் என்று போடுகிறவருக்கு, "நீங்கள் ஆகக் கூடுதலாக வெல்லக்கூடியது 320 பவுண்ட், ஆகக் கூடுதலாக இழக்கக்கூடியது 660 பவுண்ட்" என்று எழுதிக் காட்டுவதில் என்ன கஷ்டம்? அந்த ஒரு வரியை அண்ணன் பார்த்திருந்தால் 20 என்பதை 2 என்று மாற்றியிருப்பார். அல்லது மாற்றாமலும் இருந்திருக்கலாம். அது அவர் முடிவாக இருந்திருக்கும்.

இனி அந்த 17–19 என்ற எண்ணைப் பற்றி. கணக்குத் தெரிந்தவன் என்ற முறையில் இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

பார்ப்பவருக்கு அந்த எண் ஒரு கணிப்புபோலத் தெரிகிறது. "இவர் சுமாராக 18ஆவது இடத்தில் முடிப்பார், அதைவிட நன்றாக ஆடுவார் என்று நீ நினைத்தால் வா" என்று அழைப்பதுபோல இருக்கிறது. முன்னணி வீரர் ஒருவர் ஐந்து போட்டிகளில் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் 2, 5, 8, 24. ஐந்தாவதில் கட் தவறி 50. கூட்டினால் 89, ஐந்தால் வகுத்தால் 17.8. சராசரி 18க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் ஐந்தில் ஒரு தடவைகூட அவர் 18க்குப் பக்கத்தில் முடிக்கவில்லை. மேலே மேலே மேலே என்று போய்க்கொண்டிருந்தவர் ஒரு நாள் கிணற்றில் விழுகிறார். அந்தக் கிணற்றின் ஆழத்தையும் சேர்த்துச் சராசரி போட்டதுதான் திரையில் உள்ள எண்.

இந்த ஐந்து போட்டிகளிலும் ஒருவர் 17இல் 20 பவுண்டுக்கு விற்றிருந்தால் முதல் மூன்றிலும் வெல்வார். 300, 240, 180. மொத்தம் 720 பவுண்ட். நான்காவதில் 140 போகும். ஐந்தாவதில் 660. மொத்த இழப்பு 800. ஐந்தில் மூன்றை வென்றவர் 80 பவுண்ட் நட்டத்தில் நிற்கிறார். சரி, எதிர்ப்பக்கம் நின்று 19இல் வாங்கியவராவது வென்றாரா? கட் தவறியதில் 620, இருபத்து நான்காம் இடத்தில் 100, மொத்தம் 720 வரவு. மற்ற மூன்றில் 340, 280, 220, அதாவது 840 செலவு. அவருக்கு 120 நட்டம். விற்றவருக்கு 80, வாங்கியவருக்கு 120. இருவர் கையிலிருந்தும் போன 200 பவுண்ட், 17க்கும் 19க்கும் இடையிலுள்ள அந்த இரண்டு இடங்களின் விலை. வியாபாரி இலாபம் வைப்பதில் எனக்குக் குறை இல்லை, என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வியாபாரிகள்தான். ஆனால் மளிகைக் கடையில் விலை பையின் மீது ஒட்டியிருக்கும்.

சொற்களையும் கவனியுங்கள். ஒரு வீரர் நன்றாக ஆடுவார் என்று நம்புகிறவர் அவரை "விற்க" வேண்டும். மோசமாக ஆடுவார் என்று நினைப்பவர் "வாங்க" வேண்டும். முதலிடம் சிறிய எண், கடைசி இடம் பெரிய எண் என்பதால் இந்தத் தலைகீழ். ஆண்டுக்கணக்கில் சந்தையில் இருப்பவருக்கு இது பழக்கமாகியிருக்கும். தாய்மொழி வேறாக உள்ளவரை விடுங்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கூட முதல் தடவை தடுமாறும் இடம் இது. தனக்குப் பிடித்த வீரரை "வாங்கி" விட்டு, அவர் கோப்பையைத் தூக்கியபோது கைதட்டி, பிறகு கணக்கைத் திறந்து பார்த்துத் திகைத்த இளைஞர் ஒருவரையும் எனக்குத் தெரியும்.

பிறகு சமநிலை. கோல்ஃபில் தனியாக ஓர் இடத்தில் முடிப்பவர்கள் குறைவு. கூட்டம் கூட்டமாகத்தான் முடிப்பார்கள். ஒரே அடி எண்ணிக்கையில் பத்துப் பேர் 15ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டால், 15 முதல் 24 வரையுள்ள இடங்களின் சராசரி, அதாவது 19.5, அவர்கள் ஒவ்வொருவரின் கணக்குக்கும் எடுக்கப்படும். அவர்களுக்கு அடுத்த அடியில் எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்போம். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான நம் வீரர், கடைசிக் குழியில் மிக அருகிலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ளத் தவறி ஓர் அடி கூடுதலாக எடுக்கிறார். மேலே உள்ள கூட்டம் ஒன்பதாகிறது; கீழே உள்ள கூட்டமும் இவரோடு ஒன்பதாகி 24 முதல் 32 வரை நீள்கிறது. அதன் சராசரி 28. தொலைக்காட்சியில் ஒரு சாதாரண போகி (குழிக்கு உரிய அடிகளைவிட ஓர் அடி கூடுதல்), வர்ணனையாளர் பெருமூச்சுகூட விடமாட்டார். அண்ணனைப் போன்ற ஒருவருக்கு எட்டரை இடம், 170 பவுண்ட். நான்கு நாள், எழுபத்திரண்டு குழி, இருநூற்று எண்பது அடிகளுக்குப் பக்கத்தில் ஆடிய ஒருவரின் ஓர் அடி இது.

இவற்றையெல்லாம் விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சராசரி எடுக்கும் விதி ஒரு பக்கத்தில், கட் விதி இன்னொரு பக்கத்தில், காயமடைந்து விலகினால் என்ன என்பது மற்றொரு பக்கத்தில் கிடக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரு தொகையாக்கிப் பார்க்கும் வேலை, இரவு பத்து மணிக்கு வேலைக்குப் புறப்படும் மனிதரின் தலையில் விடப்பட்டிருக்கிறது. கணினியோ அதைக் கணப்பொழுதில் செய்துவிடும்.

இந்த மடல் ஏன் சூதாட்ட ஆணையத்துக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது என்று தமிழ் வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் 10ஆவது பிரிவு ஸ்ப்ரெட் பந்தயத்தைப் "பந்தயம்" என்ற சொல்லுக்கு வெளியே வைக்கிறது. 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் கீழ் அது ஒரு வகை நிதி ஒப்பந்தம். மெக்கில்ராய் வெல்வார் என்று தெருமுனைப் பந்தயக் கடையில் 20 பவுண்ட் கட்டுகிறவர் சூதாட்ட ஆணையத்தின் ஆள். மெக்கில்ராய் எத்தனையாவது வருவார் என்று இடத்துக்கு 20 பவுண்ட் போடுகிறவர் உங்கள் ஆள். முன்னவர் இழக்கக்கூடியது 20. பின்னவர் இழக்கக்கூடியது 660.

என் தொழிலில் ஒரு தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது முக்கியம். இந்தத் தொகைக்குத் தலைப்பே நிலையாக இல்லை. வென்றால் வரி அலுவலகம் அதைப் பந்தய வெற்றி என்று பார்க்கிறது. மூலதன ஆதாய வரி இல்லை. தோற்றால் வேறு ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. நிறுவனம் கட்டுவதும் பந்தயத் தீர்வைதான். பங்கு, நாணயம் மீதான ஸ்ப்ரெட்டுக்கு 3 விழுக்காடு, விளையாட்டு மீதானதற்கு 10 விழுக்காடு. அரசின் கருவூலம் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்து வைத்திருக்கிறது. பழைய சட்டத்திலோ இன்னும் வினோதம். 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி பந்தயக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. ஸ்ப்ரெட் கடனை மட்டும் வசூலிக்கலாம், ஏனென்றால் அது முதலீட்டு ஒப்பந்தம். 2007 செப்டம்பர் 1 முதல் எல்லாப் பந்தயக் கடன்களும் வசூலிக்கத் தக்கவையாகிவிட்டதால் அந்த வேறுபாடு மறைந்தது. ஆனால் அதற்கு முந்திய இருபது ஆண்டுக்காலம், சாதாரணப் பந்தயக்காரனுக்குக் கிடைத்த அந்தப் பழைய காப்பு ஸ்ப்ரெட் வாடிக்கையாளருக்கு இல்லாமல் போனது, அவர் உங்களுக்கு முந்திய அமைப்புகளின் வாசலில் நின்ற காரணத்தால்.

இன்றும் அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் சூதாடக் கூடாது என்று சூதாட்ட ஆணையம் தடுத்தது. அதே ஆண்டு மார்ச் 31 முதல், இணையத்தில் தொழில் செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் கேம்ஸ்டாப்பில் சேர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று ஒருவர் ஒரு தடவை பதிந்தால் எல்லாக் கதவுகளும் அவருக்கு மூட வேண்டும் என்பது அதன் நோக்கம். இவை இரண்டும் அந்த ஆணையத்தின் உரிமத்தில் எழுதப்பட்ட நிபந்தனைகள். உங்கள் அனுமதியில் நடக்கும் ஸ்ப்ரெட் பந்தயம் அந்த உரிமத்தின் கீழ் வருவதில்லை. ஒரே நிறுவனம் இரண்டு அனுமதிகளும் பெற்று, ஒரே திரையில் இரண்டையும் நடத்தலாம். தன்னைத் தானே தடுத்துக்கொள்ளத் துணிந்த ஒருவர், தான் நிற்பது எந்த ஆணையத்தின் எல்லையில் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா?

உங்கள் பக்கம் உள்ள நன்மையையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் பிழை. உங்கள் மேற்பார்வையில் வாடிக்கையாளரின் பணம் நிறுவனத்தின் பணத்தோடு கலக்காமல் தனியே வைக்கப்படுகிறது. தகராறு வந்தால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். இவை சாதாரணப் பந்தயக்காரருக்குக் கிடைக்காத பெரிய வசதிகள். ஆகவே ஸ்ப்ரெட் பந்தயத்தைத் தூக்கி மற்ற ஆணையத்திடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களிடமே இருக்கட்டும். ஆனால் அவர்கள் தங்கள் வாசலில் பூட்டியதை நீங்களும் உங்கள் வாசலில் பூட்டுங்கள். விளையாட்டு ஸ்ப்ரெட்டுக்குக் கடன் கணக்கு வேண்டாம், கிரெடிட் கார்டும் வேண்டாம். கேம்ஸ்டாப்பில் பதிந்தவர் பெயர் உங்கள் நிறுவனங்களின் கதவிலும் ஒட்டப்படட்டும்.

உங்களால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்ட் 1 முதல், வித்தியாச ஒப்பந்தங்களில் (பொருளை வாங்காமல் அதன் விலை மாறும் வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்குவது) ஒருவர் தன் பணத்தைப் போல எத்தனை மடங்கு தொகைக்கு ஆடலாம் என்று வரம்பு வைத்தீர்கள். முக்கிய நாணயங்களுக்கு 30 மடங்கு, கிரிப்டோவுக்கு 2 மடங்கு. நூற்றில் எத்தனை வாடிக்கையாளர்கள் பணத்தை இழக்கிறார்கள் என்பதை விளம்பரத்திலேயே எழுத வைத்தீர்கள். அந்த எண்ணைப் பார்த்து விலகியவர்கள் சிலரை நான் நேரில் அறிவேன். 2021 ஜனவரி 6 முதல் கிரிப்டோ மீதான அத்தகைய ஒப்பந்தங்களைச் சாதாரண மக்களுக்கு விற்பதையே தடுத்தீர்கள். இந்த வரம்புகளின் பட்டியலில் நாணயம் இருக்கிறது, பங்கு இருக்கிறது, தங்கம் இருக்கிறது. கட் தவறிய கோல்ஃப் வீரருக்கு அதில் வரிசை இல்லை. அண்ணனின் 660 பவுண்ட் போனது 2019 ஜூலை 19ஆம் தேதி, உங்கள் விதி வருவதற்குப் பதின்மூன்று நாள் முன்னால். அவருக்கு அந்தப் பட்டியலைக் காட்டியபோது, தன் பந்தயம் எந்த வரிசையில் வரும் என்று விரலை வைத்துத் தேடினார்.

2023 ஜூலை 31இல் நுகர்வோர் கடமை நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய தீங்கை நிறுவனம் விளைவிக்கக் கூடாது என்கிறது அது. வாடிக்கையாளர் தன் நிதி இலக்குகளை அடைய உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. ஓப்பன் போட்டியில் ஒருவர் எத்தனையாவது வருவார் என்று ஊகிப்பவரின் நிதி இலக்கு என்ன என்று நான் நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். அண்ணனிடமே கேட்டேன். "நான்கு நாளும் பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது" என்றார். அந்த ஆசைக்கு 20 பவுண்ட் செலவு செய்ய அவர் தயாராகத்தான் இருந்தார். 50ஆவது இடம் என்ற கிணறோ ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு போட்டியிலும், எல்லா வீரருக்கும் முன்னால் இருக்கிறது. ஊகிக்கக்கூடிய தீங்கு என்ற சொற்றொடருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா?

நிறுவனங்கள் உங்களிடம் சொல்லக்கூடிய ஒரு பதில் எனக்கும் தெரியும். ஆட்டம் நடக்கும்போதே எப்போது வேண்டுமானாலும் பந்தயத்தை மூடிவிட்டு வெளியேறலாமே என்பார்கள். உண்மைதான். ஆனால் முதல் குழியில் எட்டு அடித்தவுடன் விலை பழைய இடத்தில் நிற்காது; பார்த்துக்கொண்டிருப்பவர் கையைத் தூக்குவதற்குள் மேலே பாய்ந்துவிடும். வெளியேறுகிறவர் அந்த நட்டத்தோடுதான் வெளியேறுகிறார். அதுவும் விழித்திருந்தால். பகலில் உறங்கி இரவில் உழைக்கிறவருக்கு அந்த வசதி எதற்கு உதவும்? எங்கள் வாடிக்கையாளர்கள் அனுபவசாலிகள், கேள்வி பதில் சோதனையில் தேறியவர்கள் என்றும் சொல்வார்கள். அண்ணனும் தேறியவர்தான். "நீங்கள் போட்ட தொகையைவிடக் கூடுதலாக இழக்கலாம் என்பது தெரியுமா?" என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் கொடுத்திருந்தார். எவ்வளவு கூடுதல் என்று அந்தச் சோதனை கேட்கவில்லை, சொல்லவுமில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் 21 பவுண்டும் அடங்கும், 660 பவுண்டும் அடங்கும்.

எனவே மீண்டும் அந்த ஒரு வரிக்கே வருகிறேன். பந்தயச் சீட்டில் பந்தயத் தொகைக்கு அருகில், வெல்லக்கூடிய ஆகப் பெரிய தொகையும் இழக்கக்கூடிய ஆகப் பெரிய தொகையும் பவுண்டில். அதன் கீழே, "இவர் கட் தவறினால் நீங்கள் இழப்பது இவ்வளவு" என்று தனியாக ஒரு வரி. விற்பது, வாங்குவது என்ற சொற்களுக்கு அருகில் "இவர் நன்றாக ஆடுவார்", "இவர் மோசமாக ஆடுவார்" என்ற விளக்கம். வேறு எதற்கும் கலந்தாய்வு நடத்தி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கலாம். இதற்கு அவ்வளவு காலம் வேண்டாம். எண் ஏற்கெனவே அவர்கள் கணினியில் இருக்கிறது.

ஒவ்வொரு ஜூலையிலும் ஓப்பன் வருகிறது. அண்ணன் இப்போது பந்தயம் கட்டுவதில்லை. ஆட்டத்தைப் பார்ப்பதை விடவில்லை. 2025இல் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் மெக்கில்ராய் ஜஸ்டின் ரோஸைக் கூடுதல் குழியில் வென்று புல்தரையில் மண்டியிட்டு அழுதபோது எனக்குத் தொலைபேசியில் அழைத்தார், நெடுநேரம் பேசவில்லை. அன்று அவர் பழைய காகிதம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார் போலும். மறுநாள் என்னிடம் கொடுத்தார். பெட்ரோல் நிலையத்து ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கணக்கு. 50இலிருந்து 17ஐக் கழித்து, 33ஐ 20ஆல் பெருக்கி, 660 என்று எழுதி, நம்பாமல் மறுபடியும் ஒரு முறை பெருக்கிப் பார்த்திருக்கிறார். அதற்குக் கீழே 660ஐ 8.21ஆல் வகுத்திருக்கிறார்.

அந்தக் காகிதத்தின் நகலை அவர் அனுமதியோடு இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன். தேதி, பந்தயம் தோற்ற மறுநாள்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு கணக்காளர்